எந்த ஊர் நிழலில் காயவைப்பது? மலைவீடுகளில் மூலிகை உலர்த்துவதன் பின்னணி

மூலிகை உலர்த்துவது பற்றித் தமிழில் எங்கே படித்தாலும் குறிப்பு ஒன்றுதான்: பறித்து, அலசி, நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு இவ்வளவு போதும். அங்கே நிழலிலேயே 30 டிகிரி இருக்கும். கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் இதை நம்பி, கொல்லையில் வளர்ந்த புதினாவையும் ரோஸ்மேரியையும் மழைக்காலத்தில் திண்ணையில் பரப்பினால், சில நாளில் புதினா கறுத்துவிடும். ரோஸ்மேரிக் கட்டின் நடுவில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கும். கைப்பக்குவம் போதவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் அந்தக் குறிப்பு சமவெளி நிழலுக்காக எழுதப்பட்டது. மலைநிழலின் குணமே வேறு.

இதைக் கொஞ்சம் விரிவாகப் பேசக் காரணம் இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ரோஸ்மேரி, தைம், புதினா, எலுமிச்சைப்புல் போன்றவை வீட்டுத் தோட்டங்களிலும் சிறு தோட்டக்காரர்களின் வரப்போரங்களிலும் நன்றாகவே வருகின்றன. குளிரும் வடிகால் உள்ள சரிவு மண்ணும் ரோஸ்மேரிக்குப் பிடித்தவை. காட்டுமாடோ பன்றியோ அதன் காரமான வாசனையை அவ்வளவாக விரும்புவதில்லை என்பதும் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி. ஆனால் பச்சையாக விற்றால் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். வாங்குபவர் இருக்கும் அன்றே விற்றாக வேண்டும். உலர்த்தத் தெரிந்தால் அந்த அவசரம் போய்விடும். ஆக, உலர்த்தல்தான் இந்தச் சின்ன வருமானத்தின் அச்சாணி. அங்கேதான் நிறையப் பேருக்குச் சரக்கு வீணாகிறது.

காற்றில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம்

இலை காய்வதற்கு வெயில் வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வேண்டியது வெயில் அல்ல. இலையிலிருந்து கிளம்பும் நீராவியை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த இடத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை.

சில எண்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 12 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 10.7 கிராம் நீராவியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. 15 டிகிரியில் 13 கிராம், 25 டிகிரியில் 23 கிராம், 35 டிகிரியில் 40 கிராம் வரை தாங்கும். இருபது டிகிரி ஏறினால் கொள்ளளவு மூன்று மடங்காகிவிடுகிறது.

இப்போது ஒரே நாளில் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஊட்டியில் மூடுபனி இறங்கியிருக்கிறது, 12 டிகிரி. காற்று நிரம்பிவிட்டது, ஈரப்பதம் 100 சதவீதம். அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காற்றில் தண்ணீர் அதிகம்? ஊட்டிக் காற்றில் 10.7 கிராம். மேட்டுப்பாளையத்துக் காற்றில் ஏறத்தாழ 20 கிராம். முகத்தை நனைக்கும் பனிக்காற்றைவிட, துணி காயும் சமவெளிக் காற்றில் இரண்டு மடங்கு நீராவி இருக்கிறது! ஆனால் அங்கே இன்னும் பதின்மூன்று கிராமுக்கு இடம் மிச்சம் இருக்கிறது. இங்கே ஒரு கிராமுக்குக்கூட இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் பயன்தான் முக்கியம். அதே ஊட்டிப் பனிக்காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 25 டிகிரிக்குச் சூடாக்கினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் நீராவி கூடவில்லை. கொள்ளளவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். மேட்டுப்பாளையத்து மதியத்தைவிட இது உலர்ந்த காற்று. மலைவீட்டில் மூலிகை காயவைக்க நினைப்பவர் மனதில் பதிய வேண்டியது இந்த ஒன்றுதான். மூடுபனியோடு சண்டை போட வேண்டியதில்லை. காற்றைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி இளஞ்சூடாக்கி, நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும்.

ஜனவரியில் ஊட்டியில் உதடு வெடிப்பதும் இதே கணக்கில் வருவதுதான். இரவில் உறைபனி, சுழியம் டிகிரி. அந்தக் காற்றால் ஐந்து கிராம்கூடச் சுமக்க முடியாது. மதியம் வெயிலேறி 20 டிகிரி ஆகும்போது அதே காற்றின் ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்த நாட்களில் மலைநிழலும் சமவெளி நிழலுக்குச் சளைக்காமல் காயவைக்கும். ஒரே திண்ணை ஜூலையில் பூசணம் பிடிக்க வைக்கிறது, ஜனவரியில் ஒன்றரை நாளில் தைமை மொறுமொறுப்பாக்குகிறது.

தேயிலைத் தொழிற்சாலைக்குத் தெரிந்தது

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நீலகிரியில் ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையும் ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருப்பது இதைத்தான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முதல் வேலை அதை வாட்டுவது, அங்கே சொல்வதுபோல் ‘விதரிங்’. நீண்ட தொட்டியில் கம்பிவலை மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றைத் தள்ளுவார்கள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை அது நடக்கும். வெளியே வறண்ட காற்று இருந்தால் விசிறி மட்டும் ஓடும். மழையும் பனியும் இருந்தால் சூடான காற்றைக் கலந்து அனுப்புவார்கள், அதுவும் அளவோடு, கொழுந்து வெந்துவிடாதபடி. பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்தது, மற்றதன் குமிழில் ஈரத்துணி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும். இன்று சூடு கலக்க வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த வித்தியாசத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகள் அவ்வளவு பெரியவையாகவும் சன்னல் நிறைந்தவையாகவும் இருப்பதற்கும் இதுதான் காரணம். தொட்டி வருவதற்கு முன்னால் அங்கே அடுக்கடுக்காகச் சாக்குத்துணி கட்டி, கொழுந்தைப் பரப்பி வாட்டினார்கள். கீழே எந்திரம் ஓடும் சூடு மேலே ஏறும்.

தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவராவது மலையில் எல்லா ஊரிலும் இருப்பார். ஆனால் அந்த அறிவு வீட்டுத் திண்ணைக்கு வருவதில்லை. தேயிலை என்றால் தொழில், மூலிகை என்றால் பாட்டி வைத்தியம் என்று நாம் பிரித்துவைத்துவிட்டோம். இலைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

பழனி மலையிலும் இப்படி முன்மாதிரிகள் உண்டு, ஆனால் அவற்றை அப்படியே மூலிகைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபியைக் களத்தில் வெயிலில் காயவைக்கிறார்கள். காபிக் கொட்டைக்கு மேலே ஓடு இருக்கிறது, நேர்வெயிலைத் தாங்கும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் பதப்படுத்துகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டில் மேல்தோலும் கழுத்தும் காய்ந்தால் போதும், உள்ளே ஈரம் இருக்கத்தான் வேண்டும். விறகடுப்பின் மேல் பரணில் தொங்கினாலும் அதற்குக் கெடுதல் இல்லை. ரோஸ்மேரியை அங்கே தொங்கவிட்டால் காய்ந்துவிடும், ஆனால் புகைவாசனை ஏறிவிடும். அப்புறம் அதை யாருக்கு விற்பது?

சூடு எதுவரை

வாசனை இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால் சூட்டின் எல்லை தானாகப் புரியும். புதினா, துளசி, தைம், ரோஸ்மேரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கிறது. மெல்லிய தோல் ஒன்றுதான் அதற்கு மூடி. விரலால் லேசாகத் தடவினாலே வாசனை வருகிறதே, அந்த மூடி உடைவதால்தான். சூடு ஏறினாலும் எண்ணெய் ஆவியாகி வெளியேறும். அதனால் 35 டிகிரி நல்லது, 40 டிகிரி எல்லை. அதற்கு மேல் போனால் இலை சீக்கிரம் காயும், நிறமும் ஒருவேளை பச்சையாகவே இருக்கும், ஆனால் டப்பாவைத் திறந்தால் வைக்கோல் வாசனைதான் வரும்.

நீலகிரியின் தைல மரம் இதற்கு நேர்மாறு. 1843ல் கொண்டுவந்து நட்ட அந்த மரத்தின் இலையில் எண்ணெய்ப் பைகள் உள்ளே புதைந்திருக்கின்றன. தரையில் உதிர்ந்து காய்ந்து கிடக்கும் இலையைப் பொறுக்கிக்கொண்டு போய்க் காய்ச்சினாலும் தைலம் வருவது அதனால்தான். தைல இலை அப்படிக் கிடந்தும் வாசம் போகவில்லையே என்று புதினாவையும் வெயிலில் போடக் கூடாது.

வெயில் பற்றி இன்னொன்று. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர்கள் கூடும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலும் 2,100 மீட்டருக்கு மேலான கொடைக்கானலிலும் உடம்புக்குக் குளிராக இருக்கும், ஆனால் தோல் கறுக்கும். இலைக்கும் அதேதான். பச்சையம் சிதைந்து பழுப்பாகும். சுற்றுலாக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருக்கும் சாம்பல்நிற மூலிகைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எங்கோ ஒரு சரிவில் யாரோ குனிந்து அறுத்த நல்ல சரக்கு அது. வாங்கிப் போனவர் இனி மலை மூலிகையே வாங்க மாட்டார்.

அதே நேரம், சூட்டுக்குப் பயந்து ரொம்ப மெதுவாகக் காயவைத்தாலும் ஆபத்து. புதினாவும் துளசியும் மெல்லிய இலைகள். அறுத்த பிறகும் இலைக்குள் வேதிமாற்றங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கசங்கிய இடங்களில் நொதிகள் வேலை செய்து கறுப்பாக்கும், வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதுபோல. ஈரம் சீக்கிரம் இறங்கினால் அந்த வேலை நின்றுவிடும். ஆகவே இவற்றுக்கு முதல் ஒரு நாள்தான் உயிர்நாடி. அந்த ஒரு நாளுக்குள் பாதிக்கு மேல் ஈரம் போயாக வேண்டும். ரோஸ்மேரி இலையின் தோல் தடித்து மெழுகுபோல் இருக்கும். அது ஈரத்தை விடாது, அவசரப்படுத்தினாலும் பெரிய பயனில்லை. நல்ல காற்றில் ஒரு வாரம் வரை பொறுமையாகக் காயலாம். தைம் இலை மிகச் சிறியது, அது யாருக்கும் தொல்லை கொடுப்பதில்லை. முதன்முதலாக முயல்பவர் தைமிலிருந்து தொடங்குவது நல்லது.

கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் வேறு ரகம். எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் அவற்றின் வாசனையில் பெரும்பங்கு காய்வதற்குள் போய்விடும். விற்பதற்காக அவற்றை உலர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு கிலோ புதினா இலையில் ஏறத்தாழ 800 கிராம் தண்ணீர். பத்து சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 220 கிராம் சொச்சம். 780 கிராம் தண்ணீர் காற்றோடு போயாக வேண்டும். 12 டிகிரிப் பனிக்காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கி இலைமேல் ஓட்டினால், அது ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிராம் அளவில்தான் எடுத்துச் செல்லும். நீராவி கிளம்பும்போது காற்று குளிர்ந்துவிடுவதால் அதற்கு மேல் நம்ப முடியாது. அப்படியானால் 400 கன மீட்டர் காற்று வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையின் மொத்தக் காற்றையும் பதினைந்து தடவை மாற்றும் அளவு அது.

மலைவீடுகளில் அதிகம் நடக்கும் கோளாறு இந்தக் கணக்கில் தெரிகிறது. குளிருக்குப் பயந்து கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, உள்ளே ஹீட்டர் போட்டு, மூலிகையைப் பரப்பி வைக்கிறோம். முதல் சில மணி நேரம் நன்றாகக் காயும். பிறகு அறைக்காற்று நிரம்பிவிடும். வெளிச்சுவர் குளிர்ந்திருப்பதால் அதன்மேல் நீர் கோக்கும். சுவரை ஒட்டி வைத்த தட்டில்தான் முதலில் பூசணம் வரும். சமையலறையில் அடுப்பு எரிகிறதே, சூடாக இருக்குமே என்று அங்கே தொங்கவிடுவதும் இப்படித்தான். சோறு பொங்கும் ஆவி முழுவதும் இலைக்கு வரும்.

செலவு குறைந்த வழி ஒரு பழைய மர அலமாரி. கீழே ஒரு துளைவரிசை, மேலே ஒரு துளைவரிசை. நடுவில் கொசுவலை கட்டிய சட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில். அடியில் 100 வாட் குண்டு பல்பு. பல்புக்கு மேல் ஒரு தகரத் தடுப்பு இருந்தாக வேண்டும், காய்ந்த இலை உதிர்ந்து சூடான பல்பின்மேல் விழக் கூடாது. மரமும் பல்பும் ஒரு சாணுக்கு மேல் விலகி இருக்க வேண்டும், ஆளில்லாத வீட்டில் இதை எரியவிட்டுப் போகவும் கூடாது. சூடான காற்று தானாக மேலே ஏறும், கீழிருந்து புதுக்காற்று வரும். பழைய கணினியின் சின்ன விசிறி ஒன்றை மேல்துளையில் பொருத்தினால் இன்னும் நல்லது. உள்ளே ஒரு வெப்பமானி வைத்து, 35 டிகிரியைத் தாண்டினால் மேல்துளைகளைக் கூட்ட வேண்டும். மின்சாரச் செலவு பயப்படும் அளவுக்கு இருக்காது. 780 கிராம் தண்ணீர் ஆவியாகத் தேவையான சக்தி அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். காற்றைச் சூடாக்கும் இழப்பையும் சேர்த்தால் இரண்டு மூன்று யூனிட்டுக்குள் ஒரு கிலோ புதினா முடிந்துவிடும். மழைக்காலத்து மின்வெட்டுதான் உண்மையான தொல்லை. பாதி காய்ந்த புதினா இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் நமுத்துக் கறுத்துவிடும். மின்வெட்டு அடிக்கடி வரும் நாட்களில், வீட்டுக்கு வேண்டிய கொஞ்சத்தை அலமாரியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் காயவைக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டியா என்று கேட்கலாம். ஆமாம், அதுவும் ஓர் உலர்த்திதான். ஐஸ் கட்டாத வகைப் பெட்டிகளில் உள்ளே சுற்றும் காற்று, சுழியத்துக்கும் கீழே குளிர்ந்த குழாய்களைத் தொட்டு வருகிறது. ஈரமெல்லாம் அங்கேயே பிடிபட்டு வடிந்துவிடும். தாள் பையில் மெல்லிசாகப் போட்ட இலைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை நிறம் மாறாமல் காய்ந்துவிடும். வெங்காயமும் கருவாடும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வீட்டுத் தேவைக்கு ஒரு கைப்பிடி என்றால் மழைக்காலத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. விற்பனைக்கு இது போதாது.

ஈரம் உறிஞ்சும் மின்சாதனம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அமுக்கி (கம்ப்ரசர்) வகைச் சாதனங்கள் 15 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, குழாயில் பனி கட்டிக்கொள்ளும். ஊட்டி இரவுக்கு அது தோதில்லை. குன்னூர்க் கீழ்ச்சரிவிலோ தாண்டிக்குடியிலோ இருப்பவர்கள் யோசிக்கலாம்.

கரிக் கணப்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சூடும் கிடைக்கும், செலவும் இல்லை என்று மூடிய அறையில் கரி மூட்டி மூலிகை காயவைக்க யாரும் நினைக்கக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்காகக் கரி மூட்டிப் படுத்து எழுந்திருக்காமலே போனவர்கள் மலையூர்களில் உண்டு. மூலிகை அறைக்குப் பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கினாலும் அதே ஆபத்துதான்.

காய்ந்துவிட்டதா

அறுப்பதிலிருந்தே இது தொடங்குகிறது. பனித்துளி இறங்கி இலைமேல் வறண்ட பிறகு, பத்து மணிக்கு மேல் அறுப்பது நல்லது. இலைமேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் நாம் செலவழித்து விரட்ட வேண்டிய தண்ணீர்தான். மண் தெறித்திருந்தால் முந்தைய நாள் மாலையே செடியோடு தண்ணீர் தெளித்துக் கழுவிவிடலாம். பூப்பதற்குச் சற்று முன்னால் வாசனை செறிவாக இருக்கும். கட்டுக் கட்டினால் விரல் தடிமனுக்கு மேல் வேண்டாம்.

கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம், நொறுக்கினால் தூளாகிறது. உடனே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் நமுத்துப்போயிருக்கும். டப்பா சரியில்லை என்று வேறு டப்பா வாங்குவார்கள். வெளியிலிருந்து ஈரம் வரவில்லை. காம்பிலிருந்து வந்தது. இலை காய்ந்த பிறகும் காம்பின் நடுவில் ஈரம் இருக்கும். மூடிய டப்பாவுக்குள் அது மெல்ல இலைக்குப் பரவி, எல்லாம் ஒரே ஈரத்துக்கு வந்து நிற்கும். அந்த நிலைதான் சரக்கின் உண்மையான ஈரம். ரோஸ்மேரியிலும் தைமிலும் இலையை உருவிவிட்டுக் காம்பைத் தனியே போட்டாலே பாதிக் கவலை தீரும்.

மிச்சக் கவலைக்கு ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி. கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு இலையைப் போட்டு, கருவியையும் உள்ளே வைத்து, இறுக மூடி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் 60க்குக் கீழே நின்றால் எந்தப் பூசணமும் அதில் வளராது. 60க்கும் 65க்கும் நடுவே என்றால் மூடியைச் சில மணி நேரம் திறந்துவைத்து மறுபடி பார்க்கலாம். 65க்கு மேல் என்றால் திரும்பவும் தட்டுக்குப் போக வேண்டும். ஆனால் மலையில் மூடியைத் திறந்துவைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜூலை மாதத்து அறைக்காற்றே 85 இருக்கும்போது திறந்துவைத்தால் இலை ஈரத்தை வாங்கத்தான் செய்யும். அலமாரிச் சூட்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

மலிவுக் கருவிகள் ஐந்து சதவீதம் வரை தவறாகக் காட்டலாம். சரிபார்ப்பது எளிது. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு ஒரு டப்பாவில் அடைத்து ஒரு நாள் வையுங்கள். ஈர உப்புக்கு மேல் காற்று எப்போதும் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 79 காட்டினால் நான்கைக் கழித்துக்கொள்ளலாம்.

எடையும் ஒரு சாட்சி. புதினா நாலரைப் பங்கில் ஒரு பங்காகவும், ரோஸ்மேரி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இறங்க வேண்டும். சமையலறைத் தராசு போதும். மழைக்குப் பின் அறுத்த செடியில் தண்ணீர் கூடுதல் என்பதால் எடையை மட்டும் நம்பக் கூடாது.

ஒருமுறை பூசணம் கண்ட தட்டில், தெரிகிற இடத்தை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துவைக்கும் பழக்கம் வேண்டாம். பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பரவியிருக்கும். சில வகைகள் விடும் நச்சு, பிறகு எவ்வளவு காயவைத்தாலும் போகாது. குழந்தைக்குக் கஷாயம் வைக்கும் வீடுகளுக்கு அது போகிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மலையில் எந்தச் சரிவு

நீலகிரி என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பாதி விவரம் விட்டுப்போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே மாதங்களில் கிழக்குச் சரிவான கோத்தகிரியில் இடையிடையே நல்ல வெயில் வரும். அக்டோபர் பிறந்தால் கதை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும் நனைக்கும்போது கூடலூருக்கு ஓய்வு. கொடைக்கானலுக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். ஆகவே கூடலூரில் இருக்கும் உறவினர் சொல்லும் பக்குவம் கோத்தகிரிக்கு அதே மாதத்தில் பொருந்தாது.

எல்லாச் சரிவுகளுக்கும் பொதுவான நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899ல் ஆய்வகம் நிறுவிய ஊர் கொடைக்கானல். அந்த மாதங்களின் தெளிந்த வானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்வு வியப்பாக இருக்காது. ரோஸ்மேரியை ஆண்டில் மூன்று நான்கு தடவை வெட்டலாம் என்றால், பெரிய வெட்டை இந்தக் காலத்துக்குத் தள்ளி வைப்பதே புத்திசாலித்தனம். அலமாரி, பல்பு, விசிறி எதுவும் தேவைப்படாது. காற்றோட்டமுள்ள அறையில் கொசுவலைத் தட்டுகள் போதும். மாலை நான்கு மணிக்குப் பனி இறங்குவதற்குள் தட்டுகளை உள்ளறைக்கு மாற்றி ஒரு துணியால் மூடிவிட்டால், பகலில் இழந்த ஈரத்தை இரவில் திரும்ப வாங்காது. இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் நனைந்தால் ஒரு வாரம் ஆனாலும் இலை அதே இடத்தில்தான் நிற்கும், வாசனை மட்டும் குறைந்துகொண்டே போகும்.

மழைக்காலத்தில் வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், அலமாரி ஒரே தடவையில் தாங்கும் அளவுக்கு மட்டும் வெட்டுவது நல்லது. செடியில் நிற்கும் இலைக்கு ஒன்றும் ஆகாது.

காய்ந்த சரக்கைப் பெரிய டப்பாவில் வைக்காமல் சின்னச் சின்னப் புட்டிகளில் நிரம்ப அடைத்து, இருட்டான அலமாரியில் வைக்கலாம். ஜூலையில் ஒரு தடவை பெரிய டப்பாவைத் திறந்து மூடினால் அத்தனை சரக்கும் ஈரம் வாங்கும். சின்னப் புட்டியைத் திறந்தால் அந்த ஒன்றோடு போயிற்று. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுவது நல்லது, ஆனால் காயாத சரக்கைக் காயவைக்கும் வேலையை அதனிடம் விடக் கூடாது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் அதால் எடுத்துக்கொள்ள முடியும். அரிசி போட்டு வைப்பது அதைவிடவும் பலவீனம். இலையை முழுதாகவே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் அன்று மட்டும் நொறுக்கினால், அந்தச் சுரப்பிகளின் மூடி அதுவரை உடையாமல் இருக்கும்.